14 பேர் இருக்கும் கம்ப்ரசர் நிறுவனத்துக்கு எந்த சிஆர்எம் (வாடிக்கையாளர்களையும் விற்பனையையும் பதிந்து வைக்கும் மென்பொருள்)? எக்செல் இனித் தாங்காது

கம்ப்ரசர்காரர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. தொழிற்சாலைகளுக்கு ஏர் கம்ப்ரசர் விற்கிறோம். விற்ற இயந்திரங்களுக்கு சர்வீஸும் நாங்கள்தான். விற்பனையில் 6 பேர், சர்வீஸில் 5 பேர், அலுவலகத்தில் 3 பேர், மொத்தம் 14. இத்தனை வருடமும் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில் ஓடியது. அதில் இப்போது 23 ஷீட் இருக்கிறது.

போன மாதம் நடந்த இரண்டு விஷயங்கள் என்னை இங்கே எழுத வைத்தன. ஒரே தொழிற்சாலைக்கு எங்கள் ஆட்கள் இருவர், ஒருவருக்கொருவர் தெரியாமல், இரண்டு வேறு விலையில் கொட்டேஷன் அனுப்பிவிட்டார்கள். அங்கே கொள்முதல் பார்ப்பவர் இரண்டு தாளையும் என் முன்னால் வைத்து, "இதில் எது உங்கள் விலை?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரமே, எட்டு வருடம் எங்களோடு இருந்த விற்பனையாளர் ஒருவர் வேலையை விட்டுப் போனார். நல்ல மனிதர், எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்களோடு அவர் பேசியதெல்லாம் அவருடைய சொந்த வாட்ஸ்அப்பில் இருந்தது. யாருக்கு என்ன சொல்லியிருந்தார், யாரை எந்தத் தேதியில் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நான்கு டெமோ பார்த்துவிட்டேன்: சேல்ஸ்ஃபோர்ஸ், ஜோஹோ, ஹப்ஸ்பாட், பைப்டிரைவ். ஓடூவையும் ஒருவர் சொன்னார். டெமோவில் எல்லாமே அழகாக இருக்கின்றன. பார்த்து முடித்த பிறகு குழப்பம்தான் கூடியிருக்கிறது. எதை எடுக்கலாம்?

நேர்வழி

ஜோஹோ எடுங்கள். நாங்கள் நான்கு வருடமாக வைத்திருக்கிறோம், நன்றாகவே போகிறது.

பழைய சேல்ஸ்மேன்

நேர்வழி சொல்வது அவருடைய நிறுவனத்துக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் பெயரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் சார். நான் 20 வருடத்துக்கு மேல் விற்பனையில் அலைந்தவன். இரண்டு நிறுவனங்களில் சிஆர்எம் வந்ததை உள்ளே இருந்து பார்த்தேன். ஒன்றில் அது செத்தது, இன்னொன்றில் பிழைத்தது.

செத்த கதையை முதலில் சொல்கிறேன். பேர்போன மென்பொருள், தலைமை அலுவலகம் தேர்ந்தெடுத்தது, எங்களை யாரும் கேட்கவில்லை. ஒரு என்கொயரியைப் பதிய 31 கட்டங்கள். அதில் 12 கட்டாயம். நான் ஒரு நாளைக்கு ஏழெட்டு இடம் போய்வருவேன். இரவு வீட்டில் உட்கார்ந்து அத்தனையையும் நிரப்ப யாருக்குத் தெம்பு இருக்கும்? கட்டாயக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். "ஆர்டர் எப்போது வரும்" என்று தேதி கேட்டால் மாதக் கடைசி நாளைப் போடுவேன். குழுவில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம். மேலே இயக்குநர் பார்த்த டேஷ்போர்டு முழுக்க எங்கள் புள்ளிகளும் மாதக் கடைசித் தேதிகளும்தான். அதை நம்பி அவர் சரக்கு வாங்கி அடுக்கினார். அது கிடங்கில் கிடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு.

பிழைத்த இடத்தில் ஐந்தே கேள்விகள் இருந்தன. யார், என்ன வேண்டும், தோராயமாக எவ்வளவு, அடுத்து நான் என்ன செய்யப் போகிறேன், எந்தத் தேதியில். வாடிக்கையாளர் வாசலை விட்டு வெளியே வந்ததும், வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். இன்னொன்றும் முக்கியம். எங்கள் மேலாளர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் வேறு எந்தத் தாளையும் திறக்கமாட்டார். திரையில் இருப்பதை மட்டும்தான் பேசுவார். திரையில் இல்லாத டீலுக்கு அவரிடம் ஸ்பெஷல் டிஸ்கவுண்ட் கேட்கவும் முடியாது. இரண்டே மாதத்தில் எல்லோரும் பழகிவிட்டோம்.

ஆகவே முதல் கேள்வி: உங்கள் ஆறு பேரில், கம்ப்யூட்டர் என்றாலே முகம் சுளிப்பவர் யார்? அவரையும் அடுத்த டெமோவில் உட்கார வையுங்கள். மவுஸ் அவர் கையில் இருக்கட்டும்.

எக்செல் விசிறி

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள் என்பது என் கருத்து. இதை அக்கறையோடுதான் சொல்கிறேன்.

இரண்டு கொட்டேஷன் போனதற்கு எக்செல் காரணம் இல்லை. ஒரு தொழிற்சாலை யாருடையது என்று உங்களிடம் விதி இல்லை, அதுதான் காரணம். புதிதாக ஒரு என்கொயரி வந்தால் யார் எடுப்பது? ஏற்கெனவே ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் என்ன செய்ய வேண்டும்? எத்தனை நாள் அசையாமல் கிடந்தால் அது கை மாறலாம்? இதற்கெல்லாம் ஒரு பக்கத்தில் பதில் எழுதிவிட்டு, ஒரு மாதம் பகிர்ந்த அட்டவணையிலேயே நடத்திப் பாருங்கள். விதி இல்லாமல் மென்பொருள் வாங்கினால், அதே இரண்டு கொட்டேஷன் அழகான லோகோவோடு போகும்.

கம்ப்ரசர்காரர்

எக்செல் விசிறி, நீங்கள் சொன்னது சுடுகிறது, ஆனால் உண்மை. நேற்று இரவு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன். "வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு விற்பனையாளர்" என்று எழுதினேன். அப்புறம்தான் யோசித்தேன், எங்களுக்கு வாடிக்கையாளர் என்றால் யார்? ஒரே குழுமத்துக்கு மூன்று ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பராமரிப்பு மேலாளர் தனி. கொள்முதல் மட்டும் தலைமை அலுவலகத்தில். பணம் கொடுப்பது இன்னொருவர். சர்வீஸ் ஆட்களைக் கேட்டால் அவர்களுக்கு ஆளும் வேண்டாம், ஆலையும் வேண்டாம். இயந்திரத்தின் சீரியல் நம்பர்தான் வேண்டும்.

இதை எந்த டெமோவிலும் நான் கேட்கவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

தரவு அக்கா

நீங்கள் நின்ற அந்த மூன்றாவது வரிதான் இந்த இழையிலேயே முக்கியமான இடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தரவை மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

ஒவ்வொரு சிஆர்எம்மும் உலகத்தை ஒரு விதமாக வெட்டி வைத்திருக்கிறது. அந்த வெட்டு உங்கள் தொழிலோடு பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸிலும் ஜோஹோவிலும் புதிதாக வருபவர் முதலில் "லீட்" என்ற தனிப் பெட்டியில் இருப்பார். தேறும் என்று தெரிந்ததும் அவரை மாற்றுவீர்கள். அப்போது ஒரு பதிவு பிரிந்து, நிறுவனம் ஒன்று, ஆள் ஒன்று, டீல் ஒன்று என்று ஆகும். முகம் தெரியாதவர்களிடமிருந்து தினமும் நிறைய என்கொயரி வரும் தொழிலுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் சேல்ஸ்ஃபோர்ஸில் ஒருமுறை மாற்றிய லீடைப் பழையபடி லீடாக்க வழக்கமான பொத்தான் எதுவும் கிடையாது. எப்போது மாற்றுவது என்று குழுவுக்குள் ஒரே பேச்சு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் முதல் போனிலேயே மாற்றுவார், இன்னொருவர் ஆர்டர் வந்த பிறகு மாற்றுவார். அப்புறம் அந்த எண்களை ஒப்பிட முடியாது.

ஹப்ஸ்பாட் ஆளை மையமாக வைக்கிறது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகாமல் பார்த்துக்கொள்ள அது நம்புவது மின்னஞ்சல் முகவரியை. உங்கள் வாடிக்கையாளர் எல்லோரும் மின்னஞ்சலில் பேசுபவர்கள் என்றால் இது பெரிய வசதி. பராமரிப்பு மேலாளர்கள் போனில் மட்டும் பேசுகிறார்களா, அல்லது ஒரு ஆலை முழுக்க ஒரே பொது முகவரியை வைத்திருக்கிறதா? அப்படியானால் எப்படிச் சமாளிப்பது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

பைப்டிரைவ் டீலை மையமாக வைத்தது. 2010-இல் தொடங்கியது. திரையில் டீல்கள் நிலை நிலையாக நிற்கும். அடுத்த வேலை எதுவும் குறிக்காத டீல் மேல் எச்சரிக்கைக் குறி வந்துவிடும். பழைய சேல்ஸ்மேன் சொன்ன "அடுத்து என்ன, எந்தத் தேதியில்" என்பதை அந்தக் குறி தினமும் கேட்டுக்கொண்டே இருக்கும். சின்ன விற்பனைக் குழுவுக்கு எனக்கு மிகவும் பிடித்த அம்சம் அது.

இப்போது உங்கள் விஷயம். உங்களுக்கு ஆளும் டீலும் மட்டும் போதாது. இயந்திரம் என்பதே ஒரு பதிவாக இருக்க வேண்டும். சீரியல் நம்பர், எந்த ஆலையில் நிற்கிறது, யார் விற்றது, எப்போது ஓடத் தொடங்கியது, கடைசி சர்வீஸ் எப்போது. அந்தப் பதிவு ஆலையோடு இணைந்திருக்க வேண்டும், ஆளோடு அல்ல. மேலாளர் வேலை மாறிப் போவார், இயந்திரம் அங்கேயேதான் இருக்கும். சேல்ஸ்ஃபோர்ஸில் இதற்கென்றே அசெட் என்ற பதிவு வகை உண்டு. ஜோஹோவில் நீங்களே புதிய பிரிவு ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம். மற்றவற்றிலும் ஏதாவது ஒரு வழி இருக்கும், ஆனால் எந்த பிளானில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. டெமோவில் காட்டுவது பெரும்பாலும் மேல் பிளான். நீங்கள் வாங்கப்போவது கீழே உள்ளது. ஆகவே உங்களுக்கு வேண்டியவற்றை எழுதி, "இவை நாங்கள் வாங்கும் பிளானில் உண்டா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஸ்பேனர்

அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். நான் சர்வீஸ் ஆள். ஸ்குரூ கம்ப்ரசருக்கு சர்வீஸ் தேதியை வைத்து மட்டும் வராது. ஓடிய மணிக்கணக்கை வைத்து வரும். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், செபரேட்டர், ஒவ்வொன்றுக்கும் தனி மணிக்கணக்கு. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் ஒரு வருடத்துக்கு 8,000 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். ஒரு ஷிப்ட் ஆலையில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. "ஆறு மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டு" என்று மென்பொருளில் போட்டால் ஒருவருக்குத் தாமதமாகும், இன்னொருவரைச் சும்மா தொந்தரவு செய்வோம். போகும்போதெல்லாம் மீட்டரில் உள்ள மணியைப் பதிய ஒரு இடம் வேண்டும். அதிலிருந்து அடுத்த தேதியைக் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம், கம்ப்ரசர் அறை எங்கே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆலையின் கடைசி மூலை, இல்லாவிட்டால் தரைக்குக் கீழே. அங்கே சிக்னல் இருக்காது. டெமோவில் செயலி நன்றாக ஓடும், ஏனென்றால் அவர்கள் வைஃபைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு ஒரு சர்வீஸ் பதிவு போடுங்கள், இரண்டு போட்டோ எடுங்கள். மேலே வந்து நெட் வந்ததும் எல்லாம் போய்ச் சேருகிறதா பாருங்கள். இதில் தோற்றால் எங்கள் ஆட்கள் இரண்டே நாளில் பழையபடி தாளில் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

சர்வர் அறை

யாரும் ஓபன் சோர்ஸ் (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்) பக்கமே போகவில்லையே. சூட்சிஆர்எம் இருக்கிறது, ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பிலேயே சிஆர்எம் செயலி இருக்கிறது. யூசர் கணக்குப் பார்த்து மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. 14 பேர் 40 பேரானாலும் லைசென்ஸ் செலவு ஏறாது. இயந்திரம் என்ற பதிவு வகையை நீங்களே செய்துகொள்ளலாம். தரவு உங்கள் சர்வரில் இருக்கும். யாரும் நாளைக்கு விலையை ஏற்றி உங்களைக் கட்டிப்போட முடியாது.

பழைய சேல்ஸ்மேன்

சர்வர் அறை, ஒரு கேள்வி. அந்த 14 பேரில் சர்வரைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?

சர்வர் அறை

நியாயமான கேள்வி, நேராகவே பதில் சொல்கிறேன். ஒருவர் வேண்டும். முழு நேரம் தேவையில்லை, ஆனால் பொறுப்பு ஒருவர் பெயரில் இருக்க வேண்டும். பாதுகாப்பு அப்டேட் வந்தால் போட வேண்டும். தினமும் பேக்கப் எடுக்க வேண்டும். அந்த பேக்கப்பை வேறொரு இடத்தில் மீட்டெடுத்து ஓடுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் செய்வதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இரண்டு வருடம் பேக்கப் எடுத்தார்கள். டிஸ்க் போன அன்றைக்குத் திறந்தால், கோப்புகள் இருந்தன, தரவுத்தளம் இல்லை. யாரும் இல்லை என்றால் ஓபன் சோர்ஸைப் பராமரித்துக் கொடுக்கும் நிறுவனத்தை வைத்துக்கொள்ளலாம், அப்போது மாதச் செலவு வரும். அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

ஆனாலும் என் பக்கத்தை விடமாட்டேன். சுகர்சிஆர்எம் 2004-இல் ஓபன் சோர்ஸாக வந்தது. பிறகு அந்த நிறுவனம் இலவசப் பதிப்புக்குப் புதிய வெளியீடுகள் வராது என்று அறிவித்தது. அதை நம்பியிருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்களா? இல்லை. மூல நிரல் வெளியே இருந்ததால், 2013-இலேயே அதிலிருந்து பிரிந்த சூட்சிஆர்எம் இன்றைக்கும் வளர்கிறது. மூடிய மென்பொருளில் நிறுவனம் ஒரு முடிவு எடுத்தால் உங்களுக்கு இந்த வழி கிடைக்காது. 1993-இல் தொடங்கிய சீபெல் ஒரு காலத்தில் சிஆர்எம் என்றாலே நினைவுக்கு வந்த பெயர். 2005-இல் ஆரக்கிள் அதை வாங்குவதாக அறிவித்தது. இன்றைக்குப் புதிதாக சிஆர்எம் தேடுகிறவர்கள் வாயில் அந்தப் பெயரே வருவதில்லை. பெரிய பெயராக இருப்பதால் மட்டும் நிலைத்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

தரவு அக்கா

இதில் நான் சர்வர் அறையோடு பாதிதான் உடன்படுவேன். சர்வர் பார்க்க ஆள் இல்லாத நிறுவனத்துக்கு மாதாமாதம் பணம் கட்டும் வாடகை மென்பொருள்தான் பாதுகாப்பு. ஆனால் வெளியேறும் வழியைப் பற்றி அவர் சொல்வது முழுக்கச் சரி. அந்த வழியை உள்ளே நுழைவதற்கு முன்பே நடந்து பார்க்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். ட்ரயல் கணக்கில் உங்கள் உண்மையான தரவில் 200 வரியை ஏற்றுங்கள். நல்ல வரிகளாகப் பொறுக்காதீர்கள், அழுக்கானவற்றைப் பொறுக்குங்கள். பாதிப் பெயர், இரண்டு போன் நம்பர் ஒரே கட்டத்தில், ஒரே ஆலை மூன்று எழுத்துக்கூட்டலில். ஒரு வாரம் அதில் வேலை செய்யுங்கள், குறிப்பு எழுதுங்கள், கோப்பு இணையுங்கள், டீலை நகர்த்துங்கள். பிறகு, "நாளை வேறு மென்பொருளுக்குப் போகிறோம்" என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். ஆள் பட்டியல் எதிலும் வந்துவிடும். குறிப்புகள் வருகின்றனவா? இணைத்த கோப்புகள் வருகின்றனவா? எந்தக் குறிப்பு எந்த டீலுக்கு என்ற தொடர்பு வருகிறதா? பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் சிக்கல்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. சிஎஸ்வி கோப்பை (அட்டவணையை வெறும் எழுத்தாக வைத்திருக்கும் கோப்பு) எக்செலில் இரட்டை கிளிக் செய்து திறந்து சேமிக்காதீர்கள். போன் நம்பரின் முதலில் உள்ள பூஜ்யமும் கூட்டல் குறியும் பறந்துவிடும். நீளமான எண்ணை 9.18E+11 போன்ற வடிவத்தில் காட்டும், அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் போய்விடும். தமிழ் எழுத்துகள் இருந்தால் சில கோப்புகளில் குப்பைக் குறிகளாகத் தெரியும். தரவு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், யூடிஎஃப்-8 (எழுத்துகளைக் கோப்பில் குறிக்கும் முறை) என்று சொல்லி இம்போர்ட் செய்தால் சரியாக வரும். எல்லா போன் நம்பரையும் நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். சர்வதேச வடிவத்தில் அதிகபட்சம் 15 இலக்கம்தான், அதற்கு மேல் இருந்தால் ஏதோ தவறு.

சேல்ஸ்ஃபோர்ஸ் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. அதன் பதிவு அடையாளம் 15 எழுத்தில் ஒன்று, 18 எழுத்தில் ஒன்று என்று இரண்டு விதம். 15 எழுத்து வடிவத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. எக்செலில் ஒரு பட்டியலை இன்னொன்றோடு பொருத்தித் தேடும் விலுக்அப் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். அதனால் ஒருவருடைய டீல் சத்தமில்லாமல் இன்னொருவர் பெயரில் போய் உட்காரும். எப்போதும் 18 எழுத்து வடிவத்தையே பயன்படுத்துங்கள். இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் கொடுத்திருக்கிறேன்.

நேர்வழி

என் முதல் பதில் அவசரப் பதில்தான், ஒப்புக்கொள்கிறேன். வாட்ஸ்அப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கம்ப்ரசர்காரருடைய இரண்டாவது பிரச்சினை அதுதானே.

"வாட்ஸ்அப் இணைப்பு உண்டு" என்று எல்லா டெமோவிலும் சொல்வார்கள். சொந்த போனில் நடக்கும் அரட்டை தானாக சிஆர்எம்முக்குள் வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வோம். ஆனால் சிஆர்எம்காரர்கள் இணைப்பது பெரும்பாலும் நிறுவனங்களுக்கான வாட்ஸ்அப் ஏபிஐயை (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி). நிறுவனத்தின் நம்பர் ஒன்றை அதில் பதிய வேண்டும். வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நாம் நினைத்ததை எழுதலாம். அதன் பிறகு, முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் செய்தி மட்டும்தான் போகும். உங்கள் விற்பனையாளர்கள் இப்போது செய்வது போல மூன்று வாரம் கழித்து "சார், அந்தக் கொட்டேஷன் என்ன ஆயிற்று" என்று சாதாரணமாகத் தட்டிவிட முடியாது. முதலில் நிறுவனத்தின் நம்பரை ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். ஆள் போனாலும் நம்பர் நிற்கும். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

கம்ப்ரசர்காரர்

எல்லோருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் அந்த ஒரு பக்க விதியை எழுதி முடித்தோம். ஆலைதான் வாடிக்கையாளர், குழுமம் அதற்கு மேல். ஒரு ஆலைக்கு ஒரு விற்பனையாளர். 45 நாள் எந்தப் பேச்சும் இல்லையென்றால் என்னிடம் கேட்டு இன்னொருவர் எடுக்கலாம். இதை எழுதவே மூன்று கூட்டம் ஆயிற்று, குரல்களும் உயர்ந்தன. ஆனால் எழுதிய பிறகு இரட்டைக் கொட்டேஷன் ஒன்றுகூடப் போகவில்லை, அதுவும் பழைய எக்செலிலேயே.

இரண்டு மென்பொருளை ட்ரயல் எடுத்தோம். இரண்டிலும் அதே 200 அழுக்கு வரிகள். சர்வீஸிலிருந்து இருவர், விற்பனையிலிருந்து இருவர். விற்பனையில் ஒருவர் கம்ப்யூட்டர் என்றாலே முகம் சுளிப்பவர்தான். முதல் மென்பொருள் டெமோவில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அதில் ஏரோபிளேன் மோடில் போட்ட சர்வீஸ் பதிவு மேலே வந்ததும் காணாமல் போனது. மூன்று முறை முயன்றோம். பெயர் சொல்ல விரும்பவில்லை, எங்கள் போனில் ஏதாவது கோளாறாகவும் இருக்கலாம். இரண்டாவதில் போட்டோவோடு போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தும் பார்த்தோம், குறிப்புகளும் தொடர்புகளும் வந்தன. கோப்புகள் தனியாக வந்தன, அதை ஏற்றுக்கொண்டோம். முகம் சுளிப்பவர் நான்காவது நாள் என்னிடம் வந்து, "சார், இந்த நிலைகளின் பெயரை மாற்றலாமா?" என்று கேட்டார். எனக்கு அன்றைக்கே பாதி நிம்மதி வந்துவிட்டது.

அவர் கேட்டதும் நல்ல கேள்வி. "கொட்டேஷன் அனுப்பியாயிற்று" என்று ஒரு நிலை வைத்திருந்தோம். "அது நாம் செய்தது சார், அவர் என்ன செய்தார் என்று அதில் தெரியாது" என்றார். இப்போது அந்த நிலையின் பெயர் "கொட்டேஷனைப் படித்துப் பதில் சொன்னார்". பெயரை மாற்றியதும் அங்கே நின்ற 19 டீலில் 7 தான் மிஞ்சின.

ஆறு மாதத்துக்கு எடுத்திருக்கிறோம், வருட ஒப்பந்தம் இல்லை. விலை கொஞ்சம் கூடத்தான்.

இருவர் மட்டும்

இழையை முழுவதும் படித்தேன். நாங்கள் இரண்டே பேர், மாதம் பத்துப் பதினைந்து என்கொயரி. எங்களுக்கும் இத்தனையும் தேவையா?

எக்செல் விசிறி

தேவையில்லை. ஒரே ஷீட், ஐந்து நெடுவரிசை. அடுத்த தேதியை வைத்து வரிசைப்படுத்தி, தினமும் காலையில் மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை யாரையாவது கூப்பிட மறந்தால் அப்போது வாருங்கள், பேசுவோம். ஹப்ஸ்பாட் 2014-இலிருந்து இலவச சிஆர்எம் தருகிறது, அப்போது அதையும் பார்க்கலாம்.

ஸ்பேனர்

கம்ப்ரசர்காரர், சீரியல் நம்பர் பட்டியல் ஏற்றியாயிற்றா? மணி மீட்டர் பதிகிறீர்களா?

கம்ப்ரசர்காரர்

ஏற்றியாயிற்று. மொத்தம் 412 இயந்திரம் விற்றதாகப் பில் இருக்கிறது. அதில் 37 எங்கே நிற்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சில ஆலைகள் கை மாறியிருக்கின்றன, சில இயந்திரங்கள் வேறு கிளைக்குப் போயிருக்கின்றன. சர்வீஸ் ஆட்கள் எங்கே போனாலும் அறையில் நிற்கும் எல்லா இயந்திரத்தின் நம்பர் பிளேட்டையும் போட்டோ எடுத்து மணிக்கணக்கோடு ஏற்றுகிறார்கள். இந்த வாரம் நான்கு கிடைத்தன. அதில் ஒன்று 11,000 மணி ஓடியிருக்கிறது, எங்களிடம் ஒரு சர்வீஸ் பதிவுகூட இல்லை. நாளைக் காலை நானே அங்கே போகிறேன்.